இராசாளியும் வேட்டைநாயும்

பனிக்காலத்தே எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காட்டு ஏரியிலும் வடதிசைப் பறவைகள் வந்து தங்குதலைத் திருவொற்றியூர், இராயபுரம் பக்கத்தார் அறிவர். அவற்றைத் தொடர்ந்து இராசாளியும் வருகின்றது. உயர எழுந்து, சிறகொடுக்கி, இரைமேற் கல்லென வீழும் இப்பறவையை மனிதன் தன் கையிலேற்றித் தனக்காக வேட்டையாடச் செய்தனன். மத்தியதரைக் கடல் நாட்டு மன்னர் அப்புள்வேட்டையை எங்ஙனம் போற்றினர், நம் நூல்கள் வேட்டையை எங்ஙனம் கண்டன என்பவற்றை ஈண்டு ஒருங்குவைத்து நோக்குவாம்.

சிசிலி மன்னனும் உரோமச் சக்கரவர்த்தியுமாகிய இரண்டாம் பிரெடரிக் (1194–1250) புள்வேட்டை குறித்து இலத்தீனில் ஆறு பகுதிகளாக ஒரு பெருநூல் இயற்றினான். பறவையின் தலைக்குத் தோற்குல்லாய் இட்டுக் கண்மறைத்து அமைதிப்படுத்தும் முறையை அவன் அரபியரிடம் கற்றான். புதிதாகப் பிடித்த பறவையின் இமைகளை நூலால் தைத்து, கையிற் சுமந்து, பசியறிந்து ஊட்டிப் பழக்குவர். ஆணினும் பேடையே பெரிதும் வலியதும் ஆதலின் அதனையே விரும்பினர். அரிஸ்டாட்டில் கூற்றாயினும் கண்டதற்கு மாறாயின் பிரெடரிக் கொள்ளான். பிணந்தின்னிக் கழுகு இரையை மணத்தால் அறியுமோ என அதன் கண்ணை மூடிச் சோதித்தவன் இவனே. இத்துணை அறிவுடையோன் 1248-இல் பார்மா நகரை முற்றியிருந்தபோது பாசறையை விட்டு வேட்டைக்குச் சென்றான். நகரத்தார் வெளிப்போந்து பாசறையைச் சூறையாடினர். கருவூலமும் மணிமுடியும் பறிபோயின!

இக்கலை நம் அண்டையிலும் இருந்ததே. மேலைச் சாளுக்கியன் மூன்றாம் சோமேசுவரன் தன் மானசோல்லாசத்தில் இதனை அரசர்க்குரிய பொழுதுபோக்குகளுள் ஒன்றாக விரித்துரைத்தான். இன்றோ, 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் இராசாளியைப் பிடித்தல் குற்றமாகும்.

ஆயினும் யான் கற்ற அளவில், பருந்தைக் கையிலேந்திய தலைவன் எவனையும் சங்கப் பாடல்களிற் காணேன். பெரும்பாணாற்றுப்படையின் எயினர், நீர்நிலையருகே குழியில் ஒளிந்து நள்ளிரவிற் பன்றியை எதிர்நோக்குவர். அது வாயாதாயின் பகலில் நாய்களை ஏவி வலையில் முயலை வளைப்பர். இது பொழுதுபோக்கன்று, உணவு. புறநானூற்றுச் சோழனோ பருந்துக்கு அஞ்சிய புறாவைக் காத்தோன் வழியினன் எனப் புகழப்படுகின்றான். மேலைநாட்டு வேந்தன் பருந்தை ஏவினான். நம் புலவர் கண்ட வேந்தன் பருந்துக்கும் புறாவுக்கும் இடையே நின்றான்.

வேட்டையையே விரித்துப் பாடியவர் சேக்கிழார். பிரெடரிக்குக்கு இரண்டு தலைமுறை முற்பட்டவர். கண்ணப்பரின் கன்னி வேட்டையில் வில்லும் வலையும் நாயும் உண்டு. அவற்றோடு ஒரு வரம்பும் உண்டு. யானைக்கன்றை அவ்வேடர் தொடரார். சிறு குருளைகளைக் கொல்லார். கருவுற்றுத் தளர்ந்த பிணையை வருத்தார். பாட்டின் சந்தம் நாயோட்டம்போல் விரைகின்றது. அப்பிணையைக் கூறும் அடியிலும் அவ்விரைவு குறையவில்லை; ஓடுகின்ற ஓட்டத்திலேயே வேடன் அதனை விட்டுச் செல்கின்றான்.