சித்திரத்துக்கு முதுகு உண்டு

அன்புள்ள தம்பிக்கு,

மாமல்லபுரம் பற்றிய உன் கட்டுரையை நேற்றிரவு இரண்டு முறை படித்தேன். தவம் செய்யும் பூனையைப் பற்றிய பத்தி அபாரம். நாற்பது வருடமாக அந்தத் தபசுப் பாறை முன்னால் போய் நிற்கிறேன். அப்படி ஒரு பத்தி எனக்கு வாய்க்கவில்லை.

ஆனால், ‘சித்திரம்போல் தட்டையாக இல்லாமல் முப்பரிமாணத்தில்’ என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் மனசு சுருக்கென்றது.

சித்திரம் தட்டை என்று யார் சொன்னது? சிற்ப நூல்களில் சித்திரம் என்றால் கை, கால், முதுகு எல்லாம் திரண்டு, சுற்றிவந்து பார்க்கும்படி நிற்கிற முழு உருவம். பாதி வெளியே வந்து மீதி கல்லுக்குள்ளேயே தங்கிவிட்டால் சித்திரார்த்தம். சுவரிலோ துணியிலோ தீட்டினால் சித்திராபாசம். ஆபாசம் என்றதும் முகம் சுளிக்காதே. அங்கே அதற்குச் சாயல் என்று பொருள். தீட்டியது, சித்திரத்தின் சாயல் மட்டும்! கோபிநாத ராவ் 1914-இல் வெளியிடத் தொடங்கிய படிமவியல் நூலில் இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லியிருக்கிறார். ஓவியத்துக்கும் சித்திரம் என்ற பெயர் பழங்காலத்திலேயே உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கதவில் கொடியும் பூவும் செதுக்குவதை இன்றும் ‘சித்திர வேலைப்பாடு’ என்றுதானே சொல்கிறோம்? உளி பட்ட இடத்தில் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது.

உன் ‘முப்பரிமாணம்’ இந்த வேறுபாட்டை விழுங்கிவிடுகிறது. தபசுப் பாறையின் யானையையும் ஐந்து ரதங்களுக்கு நடுவே நிற்கும் யானையையும் ஒரே சொல்லால் கடந்துவிட்டாய். பாறை யானைக்கு மறுபக்கம் கிடையாது. ரதத்து யானையின் பின்புறம் போய் வாலைப் பார்த்தாயா?

இருபத்திரண்டு வயதில் சுவாமிமலையில் ஒரு பட்டறைக்குப் போனேன். அம்மன் திருமேனி ஒன்றை நேரே பார்த்தபடி உட்கார்ந்து நான்கு பக்கம் குறிப்பெடுத்தேன். பெரியவர் ஒருவர் வந்தார். ஒன்றும் சொல்லாமல் திருமேனியை அப்படியே திருப்பி வைத்தார். தலைக்குப் பின்னால் சிரச்சக்கரம், அதிலிருந்து தொங்கும் குஞ்சம், தோளில் புரளும் கூந்தல் சுருள்கள், இடுப்புப் பட்டிகையின் முடிச்சு. ஒவ்வொன்றையும் முகத்துக்குக் கொடுத்த அதே கவனத்தோடு செதுக்கியிருந்தார்கள். “வீதியுலாவில் பின்னால வர்றவனும் சாமியைத்தானே பாக்குறான் தம்பி” என்றார். அந்த நான்கு பக்கத்தையும் ரயிலிலேயே கிழித்துப் போட்டேன்.

புத்தகமாக வருமுன் அந்த வரியைத் திருத்திவிடு. யானைகளுக்காக இன்னொரு நடை போய்வா. பூனைப் பத்தியில் ஓர் எழுத்தைக்கூடத் தொடாதே.

பிரியமுடன்,
உன் ஐயா