சீட்டுக்கட்டும் நிகழ்தகவும்

புள்ளியியல் வகுப்பில் நிகழ்தகவுப் பாடம் தொடங்கியதுமே பகடையும் சீட்டுக்கட்டும் வந்துவிடுகின்றன. வீட்டில் சீட்டைத் தொட்டால் வசை. வகுப்பில் அதே சீட்டைக் கணக்காக்கினால் மதிப்பெண்! இதில் வியப்பில்லை. 1654-இல் பாஸ்கல், ஃபெர்மா என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்கள், பாதியில் நின்றுபோன ஓர் ஆட்டத்தின் பந்தயப் பணத்தை எவ்வாறு பங்கிடுவது என்று கடிதம் எழுதிக்கொண்டதில்தான் இத்துறை முளைவிட்டது. அக்கணக்கையே பிழைப்பாக்கிக்கொண்ட ஒருவரை இங்கு அறிமுகம் செய்ய விரும்புகிறேன்.

அவர் பெயர் நவோயா கிஹாரா. ஜப்பானின் வடபகுதித் தீவாகிய ஹொக்கைடோவில் 1981-இல் பிறந்தவர். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அறிவியல் பயின்றார். பட்டம் பெறப் பத்தாண்டுகள் ஆயின. (பேராசிரியர்கள் இவ்வரியைப் பொறுத்தருள்க.) பேக்கமன் என்னும் பகடை ஆட்டத்தில் பழகிய அவர், பின்னர் போக்கர் என்னும் சீட்டாட்டத்தைத் தொழிலாகவே கொண்டார். 2012-இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த உலகப் போக்கர் தொடரில், 5,000 டாலர் நுழைவுக் கட்டணம் கொண்ட ஒரு போட்டியில் வென்று 5,12,029 டாலர் பரிசு பெற்றார். அத்தொடரில் வெற்றிக் காப்பு பெற்ற முதல் ஜப்பானியர் அவரே. பணம் வைத்துச் சூதாடுவது ஜப்பானியத் தண்டனைச் சட்டப்படி குற்றமாதலால், இத்தகையோர் பெரும்பாலும் கடல் கடந்தே ஆட வேண்டியிருக்கிறது.

சீட்டைக் கலைத்துப் போடுவது தற்செயல்தானே, இதில் திறமைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். போக்கரில் கைக்கு வந்த சீட்டு சரியில்லையெனில் உடனே கீழே வைத்துவிடலாம். தேர்ந்தவர் பெரும்பாலான ஆட்டங்களில் அப்படியே செய்கிறார். எதிரில் இருப்பவர் எவ்வளவு பணம் கட்டுகிறார் என்பதைக் கொண்டே அவர் கையை ஊகிக்கிறார். நல்ல சீட்டு இல்லாதபோதும் இருப்பதுபோல் பணம் கட்டி எதிரியை விலகச் செய்வதும் உண்டு. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. ஆட்டக்காரர்களின் பணமே ஆட்டக்காரர்களிடையே கைமாறுகிறது. ஆட்டம் நடத்துபவர் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறார். ஆகவே எல்லோருடைய கணக்கையும் கூட்டினால் விடை எப்போதும் நட்டமே. ஒரு கிஹாரா வாழப் பலர் தோற்றாக வேண்டும்.

இனி என் கணக்கு. இரண்டு சீட்டு கொடுத்தாடும் போக்கரில் மிகச் சிறந்த கை இரண்டு ஆஸ். 221 முறைக்கு ஒருமுறையே அது கிட்டும். எதிரியிடம் இரண்டு ராஜா இருப்பின், ஆஸ் வைத்திருப்பவர் வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 82 விழுக்காடு. இதைவிட நல்ல நிலை அரிது. இப்போது ஒருவர் கையிருப்பு முழுவதையும் இந்நிலையில் ஐந்து முறை அடுத்தடுத்துக் கட்டுவதாகக் கொள்வோம். 0.82-ஐ ஐந்து முறை பெருக்கினால் 0.37. அதாவது, ஒவ்வொரு முறையும் சரியாகவே ஆடிய 100 பேரில் 63 பேர் ஓட்டாண்டிகள்! தொழில்முறை ஆட்டக்காரர் கையிருப்பில் சிறு பகுதியையே ஒரு வேளையில் வைத்து, ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் பொறுத்திருக்கிறார். அவர் திறமை அந்த நீண்ட கணக்கில்தான் தெரியும். விடுதிக் கட்டணத்தைக் கைபேசி ரம்மியில் வைக்கும் மாணவனுக்கு, திறமை இருந்தாலும் அது வெளிப்படும்வரை பணம் தாங்காது.

நம் நாட்டு நீதிமன்றங்களோ நெடுங்காலம் திறமையா, அதிர்ஷ்டமா என்பதையே ஆராய்ந்து வந்தன. ரம்மி பெரிதும் திறமை சார்ந்தது என 1967-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடையே 2018-இல், போக்கர் ஆட்டக்காரரான முஸ்கான் சேத்தி என்னும் பெண்மணி குடியரசுத் தலைவரிடம் விருதும் பெற்றார். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம் வேறு வழியில் சென்றது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் எந்த இணைய ஆட்டமும் கூடாது என்றது அது.