மரக்காட்சியிற் கிளை விரித்தல்

தலைப்புகளை வேரும் கிளையுமாகக் கணினித் திரையில் விரித்துக்காட்டும் உறுப்பு மரக்காட்சி எனப்படும். 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95 வாயிலாக இது பலர்க்கும் பழக்கமாயிற்று.

நம் மாவட்டத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1984இல் யாழ்ப்பாண மாவட்டத்தினின்று பிரிக்கப்பட்ட கிளிநொச்சி வேர். கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி என்னும் நான்கு பிரதேச செயலாளர் பிரிவுகள் கிளைகள். அவற்றின்கீழ் 95 கிராம அலுவலர் பிரிவுகள், அவற்றின்கீழ்க் குடும்பங்கள். அனைத்தையும் தொடக்கத்திலேயே ஏற்றும் நிரல், வாயிலில் நிற்போரை வீணே காக்கவைக்கும். ஆதலின், ஒரு கிளை திறக்கப்படும்போதே அதன் உட்கிளைகளை ஏற்றுதல் முறை.

ஈண்டு ஓர் ஐயம் எழும். உட்கிளையில்லாக் கணுவுக்கு விரிவுக்குறி தோன்றாதே. பயனர் எதனை அழுத்துவார்? டொட்நெற் விண்டோஸ் போம்ஸில் இதற்குத் தீர்வு, விரிய வேண்டிய ஒவ்வொரு கணுவின் கீழும் போலிக் கணு ஒன்றை முன்னரே வைத்தலாம். 'பிபோர் எக்ஸ்பான்ட்' என்னும் நிகழ்வில், போலி இருப்பின் அதனை நீக்கி மெய்க்கணுக்களைச் சேர்க்க. இல்லையேல் அவை முன்னரே ஏற்றப்பட்டன எனக் கொள்க.

கணுவோடு பதிவேட்டுக் குறியெண்ணையும் பிணைத்து வைக்க. ஒரே கிராமத்தில் ஒரே பெயருடைய குடும்பத் தலைவர் இருவர் இருத்தல் இயல்பு. பெயரை மட்டும் நம்பும் நிரல், ஒருவர்க்குரிய நிவாரணத்தை மற்றவர் கணக்கில் எழுதிவிடும். மாணாக்கர் இதனைச் சிறு நிரலாக எழுதிப் பயில்வாராக.