அவப்பெயருக்கு அஞ்சி மறையும் மனநோய்

மனநோய்க்கு ஒட்டியிருக்கும் அவப்பெயர், தனக்கு வந்திருப்பது மனநோய் என்று நோயாளி கண்டுகொள்வதையே முதலில் தடுக்கிறது. மனநோயாளி என்றதும் பலர் மனத்தில் எழுவது கந்தல் உடுத்தித் தெருவில் தனியே பேசித் திரியும் உருவம். 1794 முதல் இயங்கிவரும் மனநல மருத்துவமனை இருக்கும் கீழ்ப்பாக்கத்தைத் தமிழ் சினிமா கேலிப் பேச்சாக்கியது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் 28 மனநோயாளிகள் சங்கிலியோடு தீயில் மாண்ட செய்தி, அந்த உருவத்தோடு அச்சத்தையும் சேர்த்தது. வேலைக்குப் போய், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருப்பவர் இதோடு தம்மை ஒப்பிட்டு, ‘நமக்கு அதெல்லாம் இல்லை’ என்று முடிவுகட்டிவிடுகிறார்.

ஆனால் துன்பம் போய்விடுவதில்லை. நெஞ்சுப் படபடப்பு, தலைபாரம், தீராத அசதி, விடியற்காலை விழிப்பு என்று வெட்கமின்றிச் சொல்லக்கூடிய வடிவில் வெளிவருகிறது. ஈசிஜி, தைராய்டு, ஸ்கேன் எல்லாம் ‘நார்மல்’. மஞ்சள் பை நிறைய ரிப்போர்ட்டோடு வருபவரிடம் மருத்துவர் கவலை ஏதும் உண்டா என்றால், “அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க டாக்டர், இந்தப் படபடப்பு நின்னாப் போதும்” என்பார். சொல்லும்போதே கண் கலங்கும். அவர் பொய் சொல்லவில்லை. வலியும் உண்மை, அதன் வேர் மனத்தில் இருக்கலாம் என்பதைத்தான் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வேறு சிலர் கண்திருஷ்டி, கிரகக் கோளாறு என்பார்கள். ஆண்கள் பலர் குடியில் ஒளிவார்கள். தங்கைக்கு வரன் தட்டிப்போகுமே என்ற பயமும் வாயை அடைக்கும்.

2015-16 தேசிய மனநல ஆய்வில், சிகிச்சை கிடைக்காதோர் பங்கு நோய்க்கு நோய் 70 முதல் 92 விழுக்காடு வரை இருந்தது. மருத்துவர் பற்றாக்குறையும் இதற்குப் பெரிய காரணம். ஆயினும் மருத்துவர் பக்கத்திலேயே இருந்தும் போகாதவர்கள் ஏராளம்.

இத்தகையவரிடம் நோயின் பெயரிலிருந்து பேச்சைத் தொடங்கினால் கதவு மூடிக்கொள்ளும். தூக்கம், பசி, வேலையில் கவனம், முன்பு பிடித்தவற்றில் இப்போதுள்ள நாட்டம் ஆகியவற்றை விசாரிப்பதே வழி. இவை இரண்டு வாரத்துக்கு மேல் குலைந்திருந்தால், பெயர் எதுவானாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பழகிய குடும்ப மருத்துவரிடம் முதலில் போவது பலருக்கு எளிது. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு; 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். சாவைப் பற்றிய பேச்சு வந்தால் மட்டும் சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் தூண்டப்படாது. தனியே விடாமல் அன்றே அழைத்துப் போவது அவசியம்.