பெயரை விடு, பண்ணையைப் பிடி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மினசோட்டாவில் உன்னோடு தங்கிப் படிக்கும் நண்பனுடைய பாட்டனாரின் பாட்டனார் நார்வேயிலிருந்து கப்பலேறி வந்தவர் என்றும், ஓலே ஓல்சன் என்ற அவர் பெயரை இணையத்தில் தட்டினால் ஆயிரக்கணக்கான ஓலே ஓல்சன்கள் வந்து நிற்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். நிற்கத்தான் செய்வார்கள். 1825இல் 52 பேர் ‘ரெஸ்டவ்ரேஷன்’ என்ற சிறு பாய்மரக் கப்பலில் நார்வேயின் ஸ்டவாங்கர் துறையிலிருந்து அமெரிக்காவுக்குக் கிளம்பினார்கள். அடுத்த நூறாண்டுக்குள் ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் அவர்கள் வழியில் போனார்கள். 1865இல் அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகையே 17 லட்சம்தான். விளைநிலம் குறைவு, பிள்ளைகள் அதிகம், பண்ணை மூத்தவனுக்கு, மற்றவர்களுக்கு அமெரிக்கா.

பெயரை வைத்துத் தேடினால் நீங்கள் கரையேற மாட்டீர்கள். அந்நாளைய நார்வே நாட்டுப்புறத்தில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. நம்மூரில் தகப்பன் பெயரை முன்னெழுத்தாகப் போடுவதுபோல, அங்கே அதைப் பின்னால் போட்டார்கள். கிநூட்டின் மகன் ஓலே என்றால் ஓலே கிநூட்சன். மகள் மாரித் என்றால் மாரித் கிநூட்ஸ்டாட்டர். அந்த ஓலேயின் பிள்ளைகளோ ஓல்சன்கள். இதோடு குடியிருக்கும் பண்ணையின் பெயரும் ஒட்டிக்கொள்ளும். வேறு பண்ணைக்குக் குடிபோனால் அதுவும் மாறிவிடும். நிலையான குடும்பப் பெயரைச் சட்டம் கட்டாயமாக்கியது 1923இல்தான்.

க.நா.சு. மொழிபெயர்த்த ‘நிலவளம்’ படித்திருப்பாய். அதை எழுதிய நட் ஹாம்சனின் தகப்பனார் பெயர் பெடர். ஆகவே அவர் பிறந்தபோது பெடர்சன். ‘ஹாம்சன்’ என்பது அவர் குடும்பம் வாழ்ந்த ஹாம்சுண்ட் என்ற பண்ணையின் பெயரிலிருந்து வந்தது. அவரும் 1880களில் இரண்டு முறை அமெரிக்கா போய், சிகாகோவில் டிராம் கண்டக்டராகக்கூட வேலை பார்த்தவர். அமெரிக்கத் துணை அதிபராக இருந்த வால்டர் மாண்டேலின் பெயரிலும் ஒரு நார்வே ஊர் இருக்கிறது: ஃபியர்லாண்ட் பகுதியிலுள்ள முண்டால். ஆகவே உங்கள் ஓலே எந்தத் திருச்சபைப் பகுதியில், எந்தப் பண்ணையில் பிறந்தார் என்பதைக் கண்டுபிடியுங்கள். மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும்.

அதற்காக உடனே நார்வேப் பதிவேடுகளுக்கு ஓடாதீர்கள். தேடலை இறப்பிலிருந்து தொடங்கிப் பிறப்புக்குப் போகவேண்டும். கல்லறைக் கல், குடும்ப பைபிள், பழைய கடித உறைகள், நார்வே மொழிப் பத்திரிகையில் வந்த இரங்கல் குறிப்பு என்று அமெரிக்கப் பக்கத்தில் கிடைப்பதை முதலில் திரட்டுங்கள். அயோவாவிலிருந்து வந்த ‘டெக்கோரா போஸ்டன்’ 1874 முதல் 1972 வரை நடந்த பத்திரிகை. லுத்தரன் சர்ச்சுகளின் பதிவேடுகள் நெடுங்காலம் நார்வே மொழியிலேயே எழுதப்பட்டன. அரசு ஆவணம் ‘நார்வே’ என்று மட்டும் எழுதி நிறுத்தும் இடத்தில் போதகர் பல வேளைகளில் பிறந்த ஊரையும் எழுதிவைத்திருப்பார்.

அடுத்தது அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கு. 1890ஆம் ஆண்டுக் கணக்கில் பெரும்பகுதி 1921 தீவிபத்தில் நாசமாகிவிட்டது. 1900ஆம் ஆண்டுக் கணக்கோ புதையல். பிறந்த மாதமும் ஆண்டும், மணமாகி எத்தனை வருஷம், அமெரிக்காவுக்கு வந்த ஆண்டு, குடியுரிமை பெற்றாரா, நிலம் சொந்தமா வாடகையா, ஆங்கிலம் பேசுவாரா என எல்லாம் ஒரே வரியில் இருக்கும். பெண்களுக்கு நேரே இரண்டு கட்டங்கள்: பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடிருப்பவர் எத்தனை. எட்டு, ஐந்து என்று இருந்தால் மூன்று பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்த வீடு அது. சர்ச் பதிவேட்டின் அடக்கப் பக்கங்களில் அந்த மூவரையும் தேடுங்கள். மேலும் கீழும் உள்ள வரிகளையும் படியுங்கள். ஒரே பள்ளத்தாக்கிலிருந்து வந்தவர்கள் அடுத்தடுத்து நிலம் பிடித்தார்கள்; ஓலேயின் ஊர் தெரியாவிட்டாலும் பக்கத்து வீட்டுக்காரரின் ஊர் தெரியவரும்.

ஓலே அரசு நிலம் வாங்கியவரானால் உங்களுக்கு அதிர்ஷ்டம். 1862ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டப்படி, குடியுரிமை பெற்றவரோ பெற விண்ணப்பித்தவரோ ஐந்தாண்டு குடியிருந்து உழுதால் 160 ஏக்கர்வரை சொந்தம். ஐந்தாண்டு முடிவில் அவரும், அண்டை அயலார் இருவரும் வாக்குமூலம் கொடுக்கவேண்டும். வீடு எத்தனை அடி, என்று குடிவந்தார், எத்தனை ஏக்கர் உழுதார், என்ன விதைத்தார் என்பதெல்லாம் அதில் வரும். வெளிநாட்டில் பிறந்தவரானால் குடியுரிமைத் தாளின் நகலும் இருக்கும். இந்தக் கோப்புகள் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பணம் கட்டி நகல் கேட்கலாம். வம்சக்கொடியில் வெறும் பெயராக இருந்தவர் வீடு கட்டிக் கிணறு தோண்டுவதை அங்கேதான் பார்ப்பீர்கள்.

ஒரு கட்டுக்கதையை நம்பவேண்டாம். நியூயார்க் துறைமுகத்தில் குடியேறுவோரைச் சோதித்த எல்லிஸ் தீவு அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று பல குடும்பங்களில் சொல்வார்கள். பயணிகள் பட்டியல் கப்பல் கிளம்பும் துறையிலேயே எழுதப்பட்டது; அதிகாரிகள் அதைச் சரிபார்த்தார்கள், அவ்வளவே. எல்லிஸ் தீவு திறந்ததும் 1892இல்தான். 1850களிலும் 60களிலும் வந்த நார்வேக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் இறங்கியது கனடாவின் கியூபெக்கில்.

பண்ணைப் பெயர் கையில் கிடைத்ததும் நார்வே தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘டிஜிட்டல் ஆர்கிவெட்’ தளத்துக்குப் போங்கள், காசு வேண்டாம். ஞானஸ்நானப் பதிவில் பெற்றோர், பண்ணை, ஞானப்பெற்றோர் எல்லாம் இருக்கும். 1865 கணக்கில் அந்தப் பண்ணையில் எத்தனை மாடு, எத்தனை ஆடு, எவ்வளவு விதை என்பதுகூட உண்டு. கிறிஸ்தியானியா (இன்றைய ஓஸ்லோ), பெர்கன், ட்ரோண்ட்ஹைம் துறைகளில் காவல்துறை எழுதிவைத்த குடிபெயர்ந்தோர் பதிவேட்டில் வயது, சொந்த ஊர், போகுமிடம் கிடைக்கும். பழைய கையெழுத்து கண்ணைக் கட்டும்; ஒரே போதகர் எழுதிய நாலு பக்கங்களைப் படித்தால் பிடிபட்டுவிடும்.

பெயர் ஒத்துப்போனதும் ஆளைப் பிடித்துவிட்டதாகக் கொண்டாடாதீர்கள். பிறந்த நாள், பண்ணை, பெற்றோர் மூன்றும் ஒத்தால்தான் அவர் உங்கள் ஓலே. இறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயரைச் சொன்னவர் மகனாகவோ மருமகனாகவோ இருப்பார். அவர் அந்தப் பெற்றோரைக் கண்ணால்கூடப் பார்த்திருக்கமாட்டார். நிகழ்ச்சி நடந்தபோதே எழுதிய தாளுக்குத்தான் மதிப்பு அதிகம். நிரூபணமாகாததை ‘இருக்கலாம்’ என்றே குறித்து வையுங்கள். அடுத்து வருபவன் அதைப் பிடித்துக்கொண்டு வழிதவறக் கூடாது.

கணினியைத் திறக்குமுன் நண்பனின் வீட்டில் வயதில் மூத்தவரைக் கூப்பிட்டுப் பேசச் சொல். பண்ணையின் பெயர் அவர் வாயில் இருக்கலாம். காப்பகத்துத் தாள் அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும். அவரிடம் கேட்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

அன்புடன்,
உன் அண்ணன்