சொல் பெருகும் கணக்கு

‘மீம்’ என்ற சொல் எப்படிப் பிறந்தது தெரியுமா? மனத்திலிருந்து மனத்திற்குத் தாவும் கருத்தைக் குறிக்க, 1976-இல் உயிரியல் அறிஞர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் ‘ஜீன்’ என்பதோடு ஒலி ஒத்துவருமாறு அதைப் படைத்தார். பின்னர் அது இணைய வேடிக்கைப் படங்களுக்குப் பெயராயிற்று.

புதுச்சொல் பரவுவது யுரேனியத்தின் தொடர்வினையைப் போன்றதே. பாளையங்கோட்டையில் ஒருவர் மூவருக்குச் சொல்லி, ஒவ்வொருவரும் வேறு மூவருக்குச் சொல்லிவந்தால், பத்தாம் படியில் மட்டும் 59,049 பேரை அது எட்டும். கேட்டவர்கள் சராசரியாக ஒருவருக்குக்கூடச் சொல்லாவிட்டால் அவிந்துவிடும்.

‘செல்ஃபி’க்குத் தமிழில் ‘தம்படம்’, ‘சுயமி’, ‘தாமி’ என்றெல்லாம் சொற்கள் பிறந்தன. ஆயினும் தாமிரபரணிக் கரையில் படமெடுப்போர் வாயில் செல்ஃபிதான் வருகிறது. ‘இணையம்’ என்ற சொல்லோ செய்தித்தாளிலும் பாடநூலிலும் புழங்கி வேரூன்றிவிட்டது. சொல்லைப் படைத்தால் மட்டும் போதாது. வழங்கவும் வேண்டும் அல்லவா? நீங்கள் எந்தச் சொல்லை மூவருக்குச் சொல்லப்போகிறீர்கள்?