சர்நேம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

"மிஸ், இதுல சர்நேம்னு கேக்குது. நமக்கு மட்டும் ஏன் அது இல்ல?"

இணையவழிப் போட்டிக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி கேட்டாள். அப்பா பெயரைப் போடு என்று சொல்லி முடித்திருக்கலாம். இத்தனை ஆண்டுகளாகச் சொல்லி வந்ததும் அதுதான். ஆனால் அவள் குரலில், நம்மிடம் ஏதோ குறைகிறது என்ற எண்ணம் தெரிந்தது. அடுத்த ஆங்கிலப் பாடவேளையை அதற்கே ஒதுக்கினேன்.

பள்ளி நூலகத்துப் பழைய அகராதியில் 'ஹிக்கின்பாதம்ஸ்' கடையின் முத்திரை இருந்தது. 1844இல் சென்னையில் அந்தப் புத்தகக் கடையைத் தொடங்கியவர் ஏபெல் ஜோசுவா ஹிக்கின்பாதம். இங்கிலாந்திலேயே அதிகம் காணப்படாத குடும்பப் பெயர் அது. கரும்பலகையில் எழுதியதும், கடைசிப் பகுதியை 'பாட்டம்' என்று படித்துப் பின்வரிசையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன். பழைய ஆங்கிலத்தில் அதற்கு அகன்ற பள்ளத்தாக்கு என்று பொருள். லங்காஷயர் பகுதியில் உள்ள ஓக்கன்பாட்டம் என்ற இடத்திலிருந்து இப்பெயர் வந்தது என்பர். ஓக் மரங்கள் நிறைந்த பள்ளத்தாக்கு என்பது பொருளாக இருக்கலாம். பேச்சு வழக்கில் ஓக்கன் ஈக்கன் ஆகி, இக்கன் ஆகி, ஹிக்கின் ஆகிவிட்டது. வில்லிவாக்கம், புரசைவாக்கம், நம் சாலவாக்கம் ஆகியவற்றில் 'பாக்கம்' 'வாக்கம்' என ஒலிப்பதைச் சொன்னதும் மாணவர்களுக்குப் பிடிபட்டது. ஆக, அது ஓர் ஊர்ப்பெயர். நியூட்டன் என்பதும் அப்படித்தான். புதிய ஊர், அதாவது புதூர்! "அப்ப அவரு புதூர் ஐசக்" என்றான் ஒருவன்.

ஊரை முன்னால் வைப்பது நமக்கும் பழக்கம்தான். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தகனின் குடவோலைக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919ஆம் ஆண்டுக் கல்வெட்டு, சபைக்கு வந்த அரசு அலுவலரைத் தத்தனூர் மூவேந்த வேளான் என்கிறது. தத்தனூர் ஊர், மூவேந்த வேளான் பட்டம்.

பெயரின் பின்னால் வந்தது பல இடங்களில் சாதி. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில், சாதிப் பட்டங்களைக் கைவிட வேண்டும் எனத் தீர்மானித்தார்கள். பெரியாரும் 'நாயக்கர்' என்பதை விட்டார். செங்கல்பட்டு எங்கள் பிள்ளைகள் ரயில் ஏறப் போகும் ஊர். அங்கே எடுத்த முடிவுக்கும் தங்கள் வருகைப் பதிவேட்டுக்கும் தொடர்புண்டு என்பதை அன்றுதான் அறிந்தார்கள். நானும் இதை அவர்களிடம் அதுவரை சொன்னதில்லை. பாடப்புத்தகத்தில் மாநாடு ஓரிடத்திலும் முதலெழுத்து வேறிடத்திலும் கிடக்கின்றன.

நடைமுறையில் ஒன்று: கட்டத்தில் எதை எழுதினாலும் எல்லாச் சான்றுகளிலும் அதுவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாஸ்போர்ட் எடுக்கும்போது அலைய நேரிடும்.

மாலையில் அந்த மாணவி கணினியின் முன் அமர்ந்து சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினாள். சிவப்பு எழுத்தில் திரும்பி வந்தது. "இதுக்குத் தெரியல மிஸ்" என்று சொல்லிவிட்டு, அப்பாவின் பெயரைத் தட்டச்சு செய்தாள்.